லேசா இரு

ஜூன் 3

அக்காவுக்கு,

போன வாரம் நான் தும்மினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சிரிக்காதே. கடையில் ஒரு பெரியவருடைய மூக்குக் கண்ணாடிக்குப் புது லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தேன். என் வேலையே குனிந்த வேலை என்பது உனக்குத் தெரியும். எறும்புத் தலை அளவுத் திருகாணியை முடுக்கும்போது லென்ஸ் தேய்த்த தூள் மூக்கில் ஏறியது. தும்மினேன். முதுகுக்கு நடுவில் சடக்கென்று ஒரு சத்தம். முதலாளியம்மா நாற்காலி உடைந்துவிட்டதோ என்று நாற்காலியைத்தான் பார்த்தார். அதற்குள் நான் தரையில் கிடந்தேன்.

முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கிவிட்டதாம். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், சீட்டில் என் வயதைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். நாற்பத்தொன்று என்று நானே சொன்னேன். அடர்த்தி பார்க்கிற ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எலும்பெல்லாம் மெலிந்து புரை விழுந்திருக்கிறது, எழுபது வயதுக்காரியின் எலும்பு என்றார். முதுகெலும்பு இல்லாதவள் என்று நீ என்னைத் திட்டுவாயே, பாதி பலித்துவிட்டது.

பிறகு சின்ன வயதுக் கதையெல்லாம் கேட்டார். உயரம் தாண்டுவேன், என் அக்காதான் கோச், பதினாறு வயதிலிருந்து இருபது வரை மாதவிலக்கே வரவில்லை என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். "அப்போ வீட்ல யாரும் பயப்படலையா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், அக்கா புது ஸ்பைக்ஸ் ஷூ வாங்கிக் குடுத்தா" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அந்தப் பயம் எனக்காக இல்லை. பொடிசு உன் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. என் வயிற்றில் பிறந்தவளை நானேதான் பெட்டி கட்டி உன்னிடம் அனுப்பினேன். பதினைந்து முடியப் போகிறது. அவள் வயதுக்கு வந்துவிட்டாளா? தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்க்கிறாயா? அவளுக்குப் பால் கொடுக்கிறாயா? இந்த மூன்றுக்கும் பதில் எழுது.

போன் செய்யாதே. வருஷம் இருபது ஆகிவிட்டது, இன்னும் உன் குரலைக் கேட்டால் நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறேன். இந்த முதுகோடு அது முடியாது. எழுது.

உன் தங்கை

ஜூன் 9

தக்கைக்கு,

தும்மலுக்கு உடைகிற முதுகை நான் கேள்விப்பட்டதில்லை. கடிதத்தைப் படித்ததும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பெண்களை மைதானத்தில் ஓடவிட்டுவிட்டு ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பழியை என் வாசலில் கொண்டுவந்து கொட்டாதே. எடை குறைந்தால் உயரம் கூடும். அன்றைக்கு எல்லாக் கோச்சும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். மாதவிலக்கு நின்றால் உடம்பு சரியான பதத்துக்கு வந்துவிட்டது, மெடல் நிச்சயம் என்பார்கள். உனக்கு இரண்டு மெடல் வந்ததா இல்லையா? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வந்தது. மூன்றாவதும் வந்திருக்கும். நீதான் போட்டிக்கு எட்டு நாள் இருக்கும்போது, டிப்போ மெக்கானிக்கைக் கட்டிக்கொள்கிறேன் என்று போய்விட்டாய். அதைப் பற்றி நான் இன்று பேசவில்லை.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். பொடிசு இன்னும் வயதுக்கு வரவில்லை. விளையாட்டுப் பெண்களுக்குத் தாமதமாகத்தான் வரும். எடை தினமும் பார்க்கிறேன், எல்லாருக்கும் பார்க்கிறேன். பால் அவளுக்கு வயிற்றைக் கனக்கவைக்கிறது என்று அவளே சொல்லி நிறுத்தினாள். நான் நிறுத்தவில்லை. போன வாரம் ஒன்று அறுபத்தெட்டு மீட்டர் தாண்டினாள். அந்த வயதில் நீ ஒன்று அறுபத்து மூன்று. ஜூலை பன்னிரண்டு மாநில அணித் தேர்வு. குழந்தை காற்று மாதிரி போகிறாள். வந்து பார்த்தால் இப்படியெல்லாம் கேட்க மாட்டாய்.

உனக்காக இங்கே இருக்கிற டாக்டரிடம் கேட்டு ஒரு பட்டியல் எழுதியிருக்கிறேன், தனித்தாளில் இருக்கிறது. காலையும் மாலையும் பால். மதியம் கட்டாயம் தயிர். கீரை, பருப்பு, எள். தினம் ஒரு முட்டை. முள்ளோடு மெல்லுகிற மாதிரி சின்ன மீன் கிடைத்தால் விடாதே. உப்பைக் குறை, காபியைக் குறை. காலை வெயில் தோலில் படவேண்டும், உன் கடையில் ட்யூப்லைட் வெளிச்சம்தானே படுகிறது. எழுந்து நடக்கச் சொன்னதும் நட. தட்டில் மிச்சம் வைக்காதே.

அக்கா

ஜூன் 14

அக்காவுக்கு,

உன் பட்டியலைச் சமையலறையில் ஒட்டச் சொன்னேன். அவர் ஒட்டிவிட்டு, "உங்க அக்கா கையெழுத்தா இது? மிச்சம் வைக்காதேன்னு போட்டிருக்கு" என்று கேட்டார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கக்கூடாது, இடுப்பிலிருந்து நெஞ்சு வரை கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

தண்ணீரில் மிதக்கிற தக்கை மாதிரி கனமே இல்லாதவள் என்று நீ வைத்த பேரை இன்னும் விடவில்லை, ஆனால் இப்போது எழுதியிருப்பது நீ எனக்குச் செய்ததற்கு நேர்மாறு. ஹாஸ்டலில் பால் வாளி வரும் நேரத்தில் என் டம்ளரை மட்டும் நீ கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாய். பக்கத்துக் கட்டில் குண்டு எறிகிறவள் பாவம் பார்த்து அவள் பங்கில் பாதியைத் தருவாள். உன் செருப்புச் சத்தம் கேட்டால் வாயில் இருப்பதையும் ஜன்னல் வழியே துப்புவேன். உனக்கு இது தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

அந்தப் பட்டியல் எனக்கு எதற்கு? சாப்பிடுகிறேன், மாட்டேன் என்று சொல்லவில்லை. மாத்திரையும் போடுகிறேன். டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார். எலும்பு தினமும் கொஞ்சம் இடிந்து கொஞ்சம் கட்டிக்கொண்டே இருக்குமாம். இருபது இருபத்தைந்து வயது வரை கட்டுவதுதான் அதிகம். அதிலும் பத்திலிருந்து பதினெட்டுக்குள்தான் பெரும்பகுதி. அந்த வயதில் ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதாவிட்டால் உடம்பு மாதவிலக்கை நிறுத்திவிடுமாம். எலும்பைக் காக்கிற சுரப்பும் கூடவே குறைந்துவிடும். அப்போது விட்டதை முழுசாகப் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். "இருக்கறதைக் காப்பாத்தலாம்மா, கொஞ்சம் கூட்டலாம். அந்த நாலு வருஷத்தை என்னால திருப்பித் தர முடியாது" என்றார்.

எனக்குத் தர முடியாது, அக்கா. ஆனால் பொடிசுக்கு இன்னும் அந்த வயது முடியவில்லை. அந்தப் பட்டியலை இன்றைக்கே அவளுக்குப் போடு. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. தேர்வு அடுத்த வருஷமும் வரும்.

நானே வந்திருப்பேன். பஸ்ஸில் உட்காரவே கூடாது என்கிறார்கள், இன்னும் ஆறு வாரம். மல்லாந்து படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரை அனுப்புகிறேன். அவளை அவரோடு அனுப்பிவை.

உன் தங்கை

ஜூன் 23

தக்கைக்கு,

மாப்பிள்ளை வந்தார், போனார். வெறுங்கையோடு வந்து நின்றிருப்பார். என்ன சொன்னாரோ தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன்.

நான் தடுக்கவில்லை. பெட்டியை எடுத்து வை என்று நான்தான் சொன்னேன். அவள் அசையவில்லை. மைதானத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். உங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். "அம்மா பாதியில விட்டுட்டு வந்தாங்க, நான் விடமாட்டேன்" என்றாள். அவருக்கு முகமே வாடிப்போய்விட்டது. கையில் கொண்டுவந்த பிஸ்கட் பொட்டலத்தை அவள் கட்டிலில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அதை அவள் பக்கத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டாள்.

பூசி மெழுகாமல் எழுதுகிறேன். அவள் அப்படிச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபது வருஷமாக நான் கேட்க நினைத்ததை உன் மகள் கேட்டுவிட்டாளே என்று இருந்தது. அன்று சாயங்காலம் வரை அந்தச் சந்தோஷம் இருந்தது.

பாலுக்குச் சொல்லியிருக்கிறேன். குடிப்பாள். தேர்வு முடியட்டும், எல்லாம் கூட்டிவிடலாம். மூன்று வாரம்தான். எடையை இப்போது கூட்டினால் உயரம் கையைவிட்டுப் போகும், உனக்கே தெரியும். வேறு ஒன்றும் இல்லை, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் லேசாக வலி என்கிறாள். ஐஸ் வைக்கிறோம். இந்தப் பருவத்தில் எல்லாருக்கும் வருவதுதான்.

அக்கா

ஜூன் 27

அக்காவுக்கு,

எந்த இடத்தில் வலி? விரல் நுனியால் தொட்டால் ஒரே புள்ளியில் வலிக்கிறதா? ஓடும்போது மட்டுமா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதுமா? எனக்குப் பதினெட்டு வயதில் அதே எலும்பில் அதே வலி வந்தது. நீ ஐஸ் வைத்தாய். நான் அதோடு தாண்டினேன். டாக்டரம்மா இப்போது அந்தக் காலையும் படம் எடுத்தார், பழைய விரிசல் கூடிய தடம் இருக்கிறது என்றார். அன்றைக்கு அது சுளுக்கு என்று நாம் இரண்டு பேருமே நம்பினோம்.

உன்னை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஏற்றினால் நானும் கூடவே நிற்க வேண்டும். நீ எனக்குச் செய்தபோது உனக்குத் தெரியாது. நான் பொடிசை உன்னிடம் அனுப்பியபோது எனக்கும் தெரியாது. மெடலில் என் பேருக்குப் பக்கத்தில் அவள் பேரும் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். இப்போது இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. இனிமேல் செய்தால் அது வேறு.

நேற்று ஹாஸ்டல் போனில் அவளிடம் பேசினேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். "லேசா இருக்கேம்மா" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் அதுவா பதில்? அந்த வார்த்தை உன்னுடையது. நான் அழுதால் கட்டு இறுகுகிறது, அதனால் போனை வைத்துவிட்டேன்.

படம் எடு, அக்கா. தேர்வுக்கு முன்னால் எடு. என்னால் எழுந்துவந்து உன் காலைப் பிடிக்க முடியவில்லை, பிடித்ததாக வைத்துக்கொள்.

உன் தங்கை

ஜூலை 5

தங்கைக்கு,

படம் எடுத்தேன். விரிசல்தான். முடி அளவு, ஆனால் விரிசல். எட்டு வாரம் குதிக்கக்கூடாது, ஓடக்கூடாது. தேர்வு இல்லை.

இங்கே இருக்கிற டாக்டர் ஆண்பிள்ளை, சின்ன வயது. உன் டாக்டரம்மா கேட்ட கேள்விகளையே ஒவ்வொன்றாகக் கேட்டார். வயதுக்கு வந்தாளா, என்ன சாப்பிடுகிறாள், யார் தீர்மானிக்கிறார்கள். கடைசிக் கேள்விக்குப் பொடிசு என்னைக் கை காட்டினாள். பெருமையாகக் காட்டினாள். நீ உன் டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன் என்று எழுதியிருந்தாயே, அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரத்தமும் எடுத்திருக்கிறார்கள். எலும்பின் அடர்த்தி வயதுக்குக் குறைவாக இருக்கிறது, இப்போதே சாப்பிட ஆரம்பித்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

எடை பார்க்கிற மெஷினை ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிட்டேன். அவளை ஹாஸ்டலிலிருந்து என் குவார்ட்டர்ஸுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உனக்கு எழுதிய பட்டியலை அவளுக்கும் போட்டேன். பால், முட்டை, பருப்பு, தயிர், எல்லாம் தட்டில் வைத்தேன்.

சாப்பிடமாட்டேன் என்கிறாள். அடம் பிடித்தால்கூட எனக்குச் சமாளிக்கத் தெரியும், முப்பது வருஷம் பெண்களை மேய்த்தவள். இவள் அடம் பிடிக்கவில்லை. சிரிக்கிறாள். என்னைப் பார்த்துக் கள்ளச் சிரிப்பு சிரித்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைக்கிறாள். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டேன். "டெஸ்ட்தானே பெரியம்மா, தெரியும்" என்றாள்.

உன் காலத்தில் நான் இதைச் செய்ததில்லை. பிறகு ஆரம்பித்தது. போட்டிக்கு முந்தின வாரம் சாப்பாட்டு மேசையில் கேக்கை வைத்து, எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவேன். எடுக்கிறவள் அன்றைக்குப் பத்துச் சுற்று ஓட வேண்டும். எடுக்காதவளைத் தட்டிக்கொடுப்பேன். ஒரு வருஷத்தில் நான் நாலு தடவை வைத்தேன், பொடிசு ஒரு தடவைகூட எடுக்கவில்லை. எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினேன்.

டெஸ்ட் இல்லை, நிஜமாகச் சொல்கிறேன் என்றேன். கத்தினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். நான் கெஞ்சக் கெஞ்ச இது ரொம்பக் கஷ்டமான டெஸ்ட் என்று நினைத்துக்கொள்கிறாள். கால் சரியானதும் அடுத்த தேர்வுக்கு லேசாக இருக்க வேண்டுமாம், படுத்துக் கிடந்தால் கனத்துவிடுமாம். எட்டு வாரம் குதிக்கக்கூடாது என்றதால் சாப்பாட்டை இன்னும் பாதியாக்கிவிட்டாள்.

நான் சாப்பிடாதே என்று சொன்னபோது ஒரே சொல்லில் கேட்டவள், சாப்பிடு என்றால் நம்பவில்லை. நான் என்ன செய்யட்டும்?

அக்கா

ஜூலை 10

அக்காவுக்கு,

உன் கடிதத்தை அவர் படித்துக் காட்டினார். பாதியில் நிறுத்தி வெளியே போய்விட்டு வந்து மீதியைப் படித்தார்.

எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். கத்தாதே, கும்பிடாதே, தட்டைக் காவல் காக்காதே. டாக்டரிடம் கேட்டு, இந்தச் சாப்பாட்டுப் பயத்துக்கென்று பேசிச் சரிசெய்கிறவர்கள் இருந்தால் அங்கே கூட்டிப்போ. இருக்கிறார்களாம், டாக்டரம்மா சொன்னார். எலும்புக்குப் பால் கொடுப்பதற்கு முன்னால் அது வேண்டும் என்றார்.

இன்னொன்று. நீ சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆறு வருஷம் உன்னோடு இருந்தேன். விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றபடி கறுப்புக் காபி குடிப்பாய், அவ்வளவுதான். அவளும் அதைத்தான் பார்த்திருப்பாள். சொன்னால் நம்பாதவள் பார்த்தால் நம்பலாம். அவளுக்கு எதிரே உட்கார். நீயும் ஒரு தட்டு போட்டுக்கொள். அவளுக்கு வைத்ததையே உனக்கும் வை, அதை முழுவதும் சாப்பிடு. அவளைச் சாப்பிடு என்று சொல்லவே சொல்லாதே. நீ சாப்பிடு, போதும்.

இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் உட்கார விட்டால் அன்றைக்கே வண்டி ஏறுவேன். அதுவரை நீதான் அவளுக்கு அம்மா.

உன் தங்கை

ஜூலை 17

தங்கைக்கு,

பேசிச் சரிசெய்கிற டாக்டரிடம் அடுத்த மாதம் ஏழாம் தேதிதான் நேரம் கிடைத்தது. தினமும் காலையில் போய் நின்று, யாராவது வராமல் போனால் இவளை விடச் சொல்லிக் கேட்கிறேன். இன்னும் யாரும் வராமல் போகவில்லை.

நீ சொன்ன மாதிரியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு தட்டு போட்டேன். சோறு, பருப்பு, கீரை, முட்டை, தயிர். இரண்டிலும் ஒரே அளவு. உட்கார்ந்தேன். இந்த வீட்டுக்கு வந்து பத்து வருஷத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை, அதன் மேல் ஜெர்சி மடித்து வைத்திருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடு என்று நான் சொல்லவில்லை.

முதல் வாய் போட்டேன். இரண்டாவதும் போட்டேன். அவள் விரல் தட்டில் பட்டது. ஒரு பருக்கையை உருட்டிப் பார்த்தாள். சாமியைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

மூன்றாவது வாய் உள்ளே போகவில்லை. மென்றேன், போகவில்லை. பசிக்கவில்லை என்று இல்லை, பசித்தது. தட்டு நிறைய இருக்கிறதே, இதை முழுவதும் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று தலைக்குள் ஒரு குரல். எனக்கு விசில் ஊதக் கற்றுக்கொடுத்த என் பழைய கோச்சின் குரல். அவர் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது, இனிமேல் நான் எந்தக் கம்பியைத் தாண்டப் போகிறேன்? கையை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தயிர் நீர் விட்டுவிட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. டெஸ்ட் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, அது எனக்கும் தெரிந்தது. பிறகு அவளும் விரலைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டாள்.

"உங்களுக்கும் முடியலையா பெரியம்மா?" என்று கேட்டாள்.

நீ சீக்கிரம் வா.

அக்கா